எந்த லாரியில் பழகுவது?

ஹெவி லைசென்ஸ் எடுக்க நினைக்கும் தம்பிகளுக்கு இன்றைய தகவல்.

சரக்கு லாரி ஓட்ட 20 வயது நிரம்பியிருக்க வேண்டும். இலகுரக வாகன உரிமம் கையில் வந்து ஓராண்டு ஆன பிறகே இதற்கான பழகுநர் உரிமம் கிடைக்கும். பயிற்சிப் பள்ளி தரும் படிவம் 5 சான்றிதழும் அவசியம்.

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் போனால் டாரஸ், டிப்பர், டேங்கர், டிரெய்லர் எனப் பல வண்டிகள் நிற்கும். லைசென்ஸ் வாங்கிவிட்டால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பகுதி இடப்பக்கம் போக வேண்டுமானால், ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்ப வேண்டும். அது கைக்குப் பழகும்வரை பக்கத்தில் ஒரு மூத்த டிரைவர் இருந்தே ஆக வேண்டும். பாதி நிரம்பிய டேங்கரில் பிரேக் போட்டால், உள்ளே இருக்கும் திரவம் முன்னே பாய்ந்து வண்டியையே தள்ளும். டிப்பரின் பெட்டியைச் சரிவான தரையில் தூக்கினால் வண்டி சாய்ந்துவிடக்கூடும். தூக்கும் முன் மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

கேஸ், பெட்ரோல் டேங்கர்தான் விருப்பம் என்றால், அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்வதற்கான தனிப் பயிற்சியும் உரிமத்தில் அதற்கான பதிவும் தேவை.

என்னைக் கேட்டால், முதலில் டிரெய்லர் வேண்டாம். சாதாரண ஆறு சக்கர லாரியில் கை நன்றாகப் பழகட்டும். பணம் கட்டும் முன், எந்த வண்டியில் கற்றுத்தருகிறார்கள், எத்தனை மணி நேரம் உங்கள் கையில் ஸ்டியரிங் தருவார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.