பாட்டி காய்ச்சிய கற்பூர எண்ணெய்

அக்காவோட நாலு மாசக் குழந்தைக்குச் சளி. நெஞ்சில் தடவ, பாட்டி தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிட்டாங்க. "உனக்கும் இதைத்தான்டா தடவினேன்"னாங்க. எனக்குப் பதில் வரலை.

டாக்டர்கிட்ட கேட்டோம். எண்ணெய் பிரச்சினை இல்லை, கற்பூரம்தான். குழந்தையின் தோல் மெல்லிசு. கற்பூரம் அது வழியா ரத்தத்துக்குள் போகும். வலிப்புகூட வரலாம். கடைத் தைலங்களில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு அமெரிக்காவில் 1980களிலேயே விதி போட்டாங்க. அந்தத் தைலங்களையே 2 வயசுக்குக் கீழே தடவக் கூடாது. பாட்டி வாணலியில் எத்தனை சதவீதம்? கேட்டேன். "ரெண்டு கட்டி." அதுவும் பூஜைக் கற்பூரம்!

அன்னைக்கு வெறும் தேங்காய் எண்ணெய்தான் தடவினோம். காய்ச்சினதைப் பாட்டி தன் முழங்காலுக்கு எடுத்துக்கிட்டாங்க. என்கிட்ட இன்னும் சரியா பேசலை.