மொய் வந்துவிடும் என்ற கணக்கு

வைகாசி பிறந்தால் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் மண்டபம் கிடைப்பது பெரும்பாடு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று பத்திரிகைகள் வந்து குவியும். அதே வைகாசியில்தான் தேவனாம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அரசு நிவாரணமாகத் தருவது 8,000 ரூபாய். காட்டுமன்னார்கோவில் பக்கமோ, சம்பா அறுத்த காசு தை, மாசியில் வந்து, சித்திரைக்குள் பழைய பாக்கிக்குப் போயிருக்கும். கையில் காசு வற்றிய நேரமும் விசேஷ நேரமும் நம் ஊர்ப்பக்கம் சேர்ந்தே வருகின்றன. வட்டிக்கு விடுகிறவருக்கு இது நன்றாகத் தெரியும். அவர் நம் தெருவுக்கு வருகிற மாதங்களும் அவைதான்.

வீட்டு விசேஷத்துக்காக தண்டலுக்கோ, பத்து வட்டிக்கோ, மீட்டர் வட்டிக்கோ பணம் வாங்கலாமா? வாங்கக்கூடாது என்பதே என் பதில். ஆனால் அதைச் சொல்வதற்காக, விசேஷம் செய்கிறவர்களை ஆடம்பரக்காரர்கள் என்று திட்ட எனக்கு மனமில்லை. வருடம் முழுக்க அடுத்தவர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டு, நம் வீட்டுக்கு ஒரு நாள் நாலு பேரைக் கூப்பிட வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? தாய்மாமன் தட்டு வரிசையோடு வாசலில் வந்து நிற்கிற நேரத்தில், முறிந்து கிடந்த உறவுகூட ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். விசேஷம் இருக்கட்டும். அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பேச்சு.

கல்யாணத்துக்கு ஐந்து வருடம் முன்பே சீட்டுப் போடலாம். மஞ்சள் நீராட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெண் வயதுக்கு வந்த செய்தி போன மறுநாளே, "எப்போ சடங்கு? மண்டபத்துலயா, வீட்டுலயா?" என்று கேள்வி வந்துவிடும். அந்த அவசரத்தில் தோன்றுகிற யோசனை ஒன்று உண்டு: "இப்ப வாங்கிச் செய்வோம், மொய் வந்ததும் தூக்கிக் கொடுத்துடலாம்."

முதலில் வாங்குகிற பணத்தைப் பார்ப்போம். தண்டலில் 10,000 ரூபாய் கேட்டால் கைக்கு வருவது 8,500. தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். கொடுப்பவர், "பதினஞ்சு பர்சென்ட்தாம்மா" என்பார். நமக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் முழுசாக நம்மிடம் இருக்கிறதா? முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாவது நாளில் பாதிக்கு மேல் அவர் பைக்குத் திரும்பியிருக்கும். இதையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய், அதாவது பத்து வட்டி. ஆண்டுக்கு ஏறக்குறைய 120 சதவீதம். பத்து வட்டி என்றால் அலறுகிற குடும்பம், தண்டல் என்றால் சரி என்று தலையாட்டிவிடுகிறது. இரண்டும் ஒன்றுதான்.

நேராகப் பத்து வட்டிக்கே ஒரு லட்சம் வாங்கினால், முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 90,000 தருவார். மாதாமாதம் 10,000 கட்டலாம். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. பத்து மாதத்தில் ஒரு லட்சம் வட்டியாகவே போயிருக்கும், அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். மீட்டர் வட்டி இதைவிடக் கொடியது. தவணை ஒரு நாள் தவறினால் வட்டி ஏறும், ஏறியதற்கும் வட்டி.

இனி மொய்க்கு வருவோம். விசேஷத்தன்று மதியம் மூன்று மணிக்கு மொய் எழுதுகிற மேசையைப் பாருங்கள். ஒருவர் நோட்டை மூடிக் கூட்டிக்கொண்டிருப்பார், இன்னொருவர் மஞ்சள் பையிலிருந்து நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பார். சமையல் மாஸ்டர் மீதிக் கூலிக்கு வந்து நிற்பார். மண்டபத்துக்காரர் கரண்ட் பில்லோடு வருவார். பால்காரர், பூக்காரர், வீடியோக்காரர், பந்தல்காரர். பை வீட்டுக்குப் போகும்போது எவ்வளவு இளைத்திருக்கும்? வட்டிக்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் அங்கேயே கைமாறியிருக்கும்.

அது மட்டுமில்லை. வந்த மொய் முழுவதும் நம் பணமும் இல்லை. நாம் முன்பு பிறருக்கு எழுதியது திரும்பி வருகிறது என்றால் அது நம் சேமிப்பு. புதிதாக எழுதப்பட்டது என்றால், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாம் ஒரு நோட்டு கூட்டியே திருப்பி எழுத வேண்டிய கடன். அந்தக் கடனை எடுத்து இன்னொரு கடனை அடைத்தால், அடுத்த ஆவணியில் பத்திரிகை வரும்போது எதை எடுத்து எழுதுவது? அதற்கும் தண்டலா? நம் தெருக்களில் அப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

அதனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் பழைய மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார் யாருக்கு எவ்வளவு எழுதியிருக்கிறோம், அதில் எவ்வளவு இன்னும் திரும்பவில்லை என்று ஒரு தாளில் கூட்டுங்கள். அதில் எல்லாமே வந்துவிடாது என்பதையும் மனதில் வையுங்கள். அந்தத் தொகைக்குள் என்ன செய்ய முடியுமோ அதுதான் நம் விசேஷத்தின் அளவு.

புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்து மொய் விருந்தை இங்கே சொல்ல வேண்டும். ஆடி, ஆவணியில் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரே பந்தல் போட்டு, ஒரே சமையலில் விருந்து வைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மொய் மட்டும் அவரவர் நோட்டில். வட்டியில்லாத பணம் கைக்கு வருகிறது. அங்கேயும் சிக்கல்கள் உண்டு. ஆனால் பந்தல் செலவைப் பங்கிடுகிற அந்த யோசனையை நாம் எடுத்துக்கொள்ளலாமே. அண்ணன் தம்பி வீடுகளில் இரண்டு குழந்தைக்கு ஒரே நாளில் காது குத்தினால் என்ன?

சடங்கிலும் செலவைச் சுருக்க இடம் இருக்கிறது. வயதுக்கு வந்ததும் வீட்டளவில் தண்ணீர் ஊற்றிவிட்டு, விழாவை மாதக்கணக்கில் தள்ளி, தாய்மாமன் ஊருக்கு வரும்போது செய்கிற குடும்பங்கள் எத்தனையோ. கல்யாணத்துக்கோ, கடலூர்க்காரர்களுக்குத் திருவந்திபுரம் இருக்கிறது. தேவநாத சுவாமி கோயிலில், நல்ல முகூர்த்த நாளில் நூறு கல்யாணத்துக்கு மேல் நடந்த நாட்கள் உண்டு. கொரோனா காலத்தில் கோயில் சாத்தியிருந்தபோது வாசலில், சாலையிலேயே தாலி கட்டினார்கள். அந்தத் தம்பதிகளின் வாழ்க்கையில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

எப்படிச் சுருக்கினாலும் கொஞ்சம் துண்டு விழுந்தால்? வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ போங்கள். சுமார் 12 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம், 50,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டி 3,000. பத்து வட்டியில் அதே பணத்துக்கு அதே ஆறு மாதத்தில் 30,000. "விசேஷத்தன்னைக்குக் கழுத்துல நகை இல்லேன்னா என்ன நினைப்பாங்க?" என்பதற்காக 27,000 ரூபாய் கொடுக்கலாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மகளிர் குழுவில் இருப்பவர்கள் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடன் கேட்கலாம். வட்டிக்காரரிடமிருந்து விவசாயியை விடுவிக்கத்தான் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமே வந்தது. அந்த ஆண்டே நாட்டின் முதல் சங்கங்களில் ஒன்று நம் மாநிலத்தில், திருவள்ளூரை அடுத்த திரூரில் தொடங்கியது. ஃபோனில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிற செயலிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். தவணை தவறினால் உங்கள் ஃபோனில் உள்ள எல்லோரையும் அழைத்து அவமானப்படுத்தியவர்கள் அவற்றில் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஜூனில் நம் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்து இளம் காவலர் ஒருவர், வீட்டு மருத்துவச் செலவுக்கு வாங்கிய கடனின் கந்துவட்டி நெருக்கடியால் உயிரை மாய்த்துக்கொண்டார். காக்கி உடுத்தியவருக்கே அந்த நிலை. அதன்பிறகுதான் அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று மாநிலம் முழுக்க நடவடிக்கைக்கு உத்தரவிட்டார். சட்டம் அதற்கு முன்பே இருந்தது. 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். உண்மையில் தர வேண்டிய பணத்தை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு மனு போடவும் அதில் வழி உண்டு. 2025இல், மிரட்டிக் கடன் வசூலிப்பதற்கு எதிராகவும் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

புரோநோட்டில் தொகை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். சம்பள ஏ.டி.எம். கார்டை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். கட்டிய ஒவ்வொரு நூறு ரூபாயையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், ஜி-பேயில் அனுப்பினால் அந்தப் பதிவை அழிக்காதீர்கள். புகார் கொடுக்கும்போது அதுதான் பேசும். காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.