பரிசு கிடையாது, கிளாஸ் உண்டு

இசைத் திருவிழான்னு சொன்னதும் பெரிய மேடை, லைட்டு, டிக்கெட் க்யூதான் ஞாபகம் வரும். இன்னைக்கு நான் பேசப்போற திருவிழாவுல முக்கியமான நிகழ்ச்சியே காலையில நடக்குற கிளாஸ்தான்.

அயர்லாந்தோட மேற்குக் கரையில கிளேர் கவுண்டி. அதுல மில்டவுன் மால்பேன்னு ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை ஆயிரத்தைச் சுத்தித்தான் இருக்கும். வருஷா வருஷம் ஜூலையில உலகம் பூரா இருந்து ஆளுங்க பிடிலும் புல்லாங்குழலும் தூக்கிக்கிட்டு அங்க வந்து இறங்குறாங்க. காலையில வகுப்பு, சாயங்காலம் பப்ல உட்கார்ந்து வாசிப்பு. போட்டி கிடையாது, கோப்பை கிடையாது. அயர்லாந்துல போட்டிகளுக்குப் பேர்போன விழா தனியா இருக்கு. 1951ல ஆரம்பிச்ச ஃப்ளா ஹியோல். அதுக்கும் கூட்டம் அள்ளும். ஆனா என் ஓட்டு மில்டவுனுக்குத்தான்.

இந்த விழாவோட பேரு வில்லி கிளான்சி கோடைப் பள்ளி. வில்லி கிளான்சி இந்த ஊர்க்காரர், தச்சர், இலன் பைப்ஸ் வாசிச்சவர். ஐரிஷ் மொழியில 'இலன்'னா முழங்கை சம்பந்தப்பட்டதுன்னு அர்த்தம். வாயால ஊத வேண்டாம். ஒரு முழங்கையால துருத்தியை அமுக்கி, இன்னொரு கையிடுக்குல இருக்குற பையில காத்தை நிரப்பி வாசிக்கணும். கத்துக்க 7 வருஷம், பழக 7, வாசிக்க 7, ஆக மொத்தம் 21 வருஷம்னு ஒரு பழைய பேச்சு உண்டு. கிளான்சி 1973 ஜனவரியில இறந்தார். அதே வருஷக் கோடையில நண்பர்கள் சேர்ந்து அவர் பேர்ல இதை ஆரம்பிச்சாங்க. சிலை வைக்காம பள்ளிக்கூடம் வச்சாங்க பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது.

அதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. இந்த இசை வளர்ந்தது வீட்டு அடுப்படியில. ராத்திரி அக்கம்பக்கத்துக்காரங்க கூடுவாங்க, ஒருத்தர் வாசிப்பார், மத்தவங்க ஆடுவாங்க. 1935ல ஒரு சட்டம் வந்துச்சு. பொது நடனம் நடத்தணும்னா லைசென்ஸ் வாங்கணும். சட்டம் சொன்னது பொது இடங்களைப் பத்தி. ஆனா பல ஊர்கள்ல பாதிரியாரும் போலீஸும் அதைக் காட்டியே வீட்டு ஆட்டத்தையும் நிறுத்த வச்சாங்க. கிளான்சியோட நண்பர், பிடில் கலைஞர் ஜூனியர் கிரீஹன், அந்த வீட்டு நடனத்துக்காகவே ஒரு ஒப்பாரி மெட்டு போட்டிருக்கார். ஆளுக்கு இல்ல, அடுப்படி ஆட்டத்துக்கு ஒப்பாரி!

சரி, இப்ப என் ஏரியாவுக்கு வர்றேன். ஐரிஷ் மெட்டுகளை ஏபிசி நோட்டேஷன்னு ஒரு முறையில டைப் பண்ணி வைக்கிறாங்க. சுரங்களைச் சாதா கீபோர்டு எழுத்துலயே எழுதிடலாம். ஒரு டெக்ஸ்ட் ஃபைல் போதும். தி செஷன்ங்கிற தளத்துல ஆயிரக்கணக்கான மெட்டுகள் இப்படிக் கொட்டிக் கிடக்கு. எஞ்சினியர் கைக்கு இது கிடைச்சா சும்மா இருக்குமா? ஒரு ஜிக்கை எடுத்து மிடியா மாத்தி ஓடவிட்டேன். ஜிக்னா தகிட தகிடன்னு மூணு மூணா வர்ற தாளம். எல்லா சுரமும் சரியா இருந்துச்சு. லிஃப்ட்டுக்குள்ள கேக்குற மியூசிக் மாதிரியும் இருந்துச்சு! அப்புறம் அதே மெட்டைக் கிளான்சி வாசிச்ச பதிவைக் கேட்டேன். சுரத்துக்கு நடுவுல வர்ற வெட்டு, உருட்டு, எந்த சுரத்துல கொஞ்சம் சாஞ்சு நிக்கிறார்ங்கிறது, இதெல்லாம் ஃபைல்ல இல்லவே இல்ல. கமகம் இல்லாம எழுதின சுரக்குறிப்பு மாதிரி.

எழுதி வைக்கிறது வேஸ்ட்னு சொல்ல வரல. சிகாகோ போலீஸ் தலைவரா இருந்த பிரான்சிஸ் ஓநீல் 1903ல 1,850 மெட்டுகளைப் புத்தகமாப் போட்டார். அவருக்கே இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. அவர் வாசிச்சுக் காட்ட இன்னொருத்தர் எழுதினார். அந்தப் புத்தகம் இல்லன்னா எத்தனையோ மெட்டு காணாமப் போயிருக்கும். ஆனா எலும்புதான் அதுல இருக்கு. சதை இன்னொருத்தர் பக்கத்துல உட்கார்ந்தாத்தான் கிடைக்கும். அதுக்குத்தான் அந்தக் காலை வகுப்பு. வாத்தியார் ஒரு வரி வாசிப்பார், எல்லாரும் திருப்பி வாசிப்பாங்க. தாள் கிடையாது. முடியும்போது மெதுவா ஒரு தடவை முழுசா வாசிப்பார். அப்ப மட்டும் எல்லா போனும் ரெக்கார்டிங்ல இருக்கும்.

போற ஐடியா இருந்தா ரூமை ரொம்ப முன்னாடியே போட்டு வைங்க. பப்ல வாசிக்கிறவங்க பக்கத்துல இடம் கிடைச்சா உட்காருங்க, ஆனா தெரியாத மெட்டுக்குக் கையைக் கட்டிக்கிட்டுக் கேளுங்க. வழக்கமா மூணு சுத்து வருவாங்க. மூணாவது சுத்துல உங்களுக்கே கொஞ்சம் பிடிபட ஆரம்பிக்கும். அடுத்த வாரம் பார்க்கலாம்.