பூனைக்குட்டி எதைப் பார்த்துச் சீறுகிறது?



பூனைக்குட்டிக்கு 3 மாதம் ஆனால் தோட்டமே கதி. வெட்டுக்கிளியைத் துரத்தும். அணில் மரத்தில் ஏறிக்கொண்டு அதைத் திட்டும். தேரையைக் கவ்வினால் வாயெல்லாம் நுரை! தேரையின் தோலில் நஞ்சு உண்டு.

ஒரு நாள் குட்டி முதுகை வளைக்கும். முடி சிலிர்க்கும். விறகுக் குவியலைப் பார்த்துச் சீறும். அப்போது குட்டியைத் தூக்க ஓடாதீர்கள். விறகில் கை வைக்காதீர்கள். உள்ளே பாம்பு இருக்கலாம். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்புங்கள்.

நம் நாட்டில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய 4 பாம்புகளால்தான் அதிகம் பேர் சாகிறார்கள். பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள். கீறாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். கடித்த பாம்பைத் தேடி அலைய வேண்டாம். இந்த 4 பாம்புகளுக்கும் மருந்து ஒன்றுதான்.