கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: தடை அறுபடுமுன்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் புற்றுநோயைப் பற்றிப் பேசலாமா என்று நினைப்பீர்கள். இத்தனை பெண்கள் கூடும் இடம் இதற்கு வேறெங்கே கிடைக்கும்?

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தோற்றுவிப்பது எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பப்பிலோமா வைரஸ். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். இந்நோயில் ஏறத்தாழ 70 வீதத்துக்கு 16ஆம், 18ஆம் வகை வைரஸ்களே காரணம். தாம்பத்திய உறவால் தொற்றுவதால் இதைப் பெண்ணின் ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றக்கூடிய வைரஸ் இது.

தன் பரம்பரை அலகுகளை இயக்க இந்த வைரஸிடம் போதிய ஆட்கள் இல்லை. பெரட்டில் வேலை பிரித்துக் கொடுக்கும் கங்காணிமாரைப் போல, எந்த அலகு எப்போது வேலை செய்யவேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்கள் நம் கலத்தில் உண்டு. ஏ.பி.-1, எஸ்.பி.-1 என்பன அவற்றுள் இரண்டு. அவற்றைக் கொண்டே வைரஸ் தன் ஈ6, ஈ7 அலகுகளை முடுக்கிவிடுகிறது. ஈ6, கலத்தின் காவலாளியான பி53 புரதத்தை அழிக்கிறது. ஈ7, கலம் கண்டபடி பெருகாமல் பிடித்துவைக்கும் ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது.

ஆரம்பத்தில் இது அளவோடுதான் நடக்கும். வைரஸின் ஈ2 என்ற இன்னொரு புரதம் அந்த முடுக்கத்தை அடக்கிவைக்கிறது. பெரும்பாலானோரின் உடல் இரண்டு வருடங்களுக்குள் வைரஸை ஒழித்துவிடும். சிலரிடம் அது தங்கிவிடுகிறது. அதன் மரபுப்பொருள் நம் நிறமூர்த்தத்துக்குள் புகும்போது ஈ2 பகுதி அறுபட்டுப் போவதுண்டு. தடை போனபின் ஈ6, ஈ7 கட்டுமீறுகின்றன. தொற்று புற்றுநோயாக மாறச் சாதாரணமாக 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும். அந்த வருடங்களே நமக்குள்ள அவகாசம்.

இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு இதற்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. மகளோ பேத்தியோ அதைத் தவறவிடக் கூடாது. அந்த ஊசி வருமுன்பே பள்ளியை முடித்த நமக்குப் பரிசோதனைதான் வழி. 35 வயதிலும் 45 வயதிலும் சுவநாரி கிளினிக்கில் அதை இலவசமாகச் செய்துகொள்ளலாம். கலங்களின் மாற்றத்தைப் புற்றுநோயாகுமுன் கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது.

தெரணியகலையில் பால் வெட்டும் அக்காவும் இறக்குவானையில் கொழுந்தெடுக்கும் தங்கச்சியும், "நோவு ஒன்றும் இல்லையே, எதற்கு ஒரு நாள் பேரை விடுவது?" என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால், நோவு வரும்வரை பொறுத்திருந்தால் பலருக்கு நோய் முற்றியிருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. இங்கிருப்பவர்கள் போகும்போது லயத்தில் இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கொழும்பிலும் கடல் கடந்தும் வாழும் சகோதரிகள், அடுத்த முறை ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது, "பரிசோதனை செய்தாயா?" என்று கேளுங்கள்.