பித்தப்பை நீங்கியும் வலி நீங்காதது ஏன்?

(தோட்ட மக்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பித்தப்பையில் கல் உண்டாகி, மருத்துவர்கள் அப்பையையே அகற்றிய பின்னரும், சிலருக்கு வலது விலாவின் கீழ் வலி மாதக்கணக்கில் தொடர்கிறது. “பையையே எடுத்துவிட்டார்களே, இன்னும் வலிக்க என்ன இருக்கிறது?” என்று வீட்டார் வினவுகின்றனர். வேலைக்குச் செல்ல மனமின்றி நடிப்பதாகவும் சிலர் எண்ணுகின்றனர். வலியுற்றவரோ வாய்மூடிப் பொறுத்துக்கொள்கிறார். அந்த மௌனம் ஆபத்தானது என்பதையே இன்று நாம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பித்தநீரைச் சுரப்பது கல்லீரல்; அதைத் தேக்கி வைப்பது பித்தப்பை. பால்மரத்தையும் மங்கையும் எண்ணிப் பாருங்கள். மங்கை எடுத்துவிட்டாலும் மரம் பால் சுரப்பதை நிறுத்துவதில்லை. அதுபோலவே பித்தப்பை நீங்கிய பின்னும் கல்லீரல் நாள்தோறும் அரை லிட்டருக்குக் குறையாமல் பித்தநீரைச் சுரக்கிறது. அந்நீர் நாளத்தின் வழியே நேராகச் சிறுகுடலில் சேர்கிறது. ஆதலால் இப்பையின்றியும் நலமாக வாழ இயலும்.

இந்த அறுவைச் சிகிச்சையை 1882-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் முதன்முதலாகச் செய்தவர் கார்ல் லாங்கன்பூக் என்னும் மருத்துவர். 1985-இல் எரிக் மூஹெ என்னும் மற்றொரு ஜெர்மானிய மருத்துவர், வயிற்றில் சிறு துளையிட்டு அதைச் செய்து காட்டினார். பெரும்பாலோர் இச்சிகிச்சையால் முழு நலம் பெறுகின்றனர். எனினும், நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு ஏதேனும் ஒரு தொல்லை தொடர்வதாகப் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே, அவ்வலி கற்பனையன்று.

அதற்குரிய காரணங்கள் பல. முதலாவது, பித்தநாளத்தில் ஒரு கல் தங்கியிருக்கலாம். அல்லது நாளம் காயமுற்றுச் சுருங்கியிருக்கலாம். நாளத்தில் தங்கிய கல்லைப் பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமலே, வாய்வழியாகக் குழாய் செலுத்தி எடுத்துவிடலாம்.

இரண்டாவது, வலிக்குப் பித்தப்பை காரணமாக இல்லாமலே இருந்திருக்கலாம். இரைப்பைப் புண், நெஞ்செரிச்சல், கணைய அழற்சி, குடல் கோளாறு ஆகியவையும் ஏறத்தாழ அதே இடத்தில் வலிக்கும். சில வேளைகளில் மாரடைப்பும் மேல்வயிற்று வலியாகவே தோன்றும்.

மூன்றாவது, தையலிட்ட இடத்தில் நரம்பு சிக்கியிருக்கலாம். அல்லது தசை பலவீனமுற்றுக் குடல் பிதுங்கியிருக்கலாம். பால் வாளியைத் தூக்கும்போது அவ்விடத்தில் வலியோ வீக்கமோ தோன்றினால், அதனை மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

நான்காவது, நாளம் குடலில் சேரும் வாயிலில் உள்ள தசை வளையம் இறுகுவதாலும் வலி வரலாம். ஆயினும் அதை வெட்டிவிடுவதற்கு அவசரப்படலாகாது. நாளத்தில் பழுதில்லாத நோயாளிகளுக்கு அவ்வாறு வெட்டியதால் தனிப்பயன் விளையவில்லை என்று 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு காட்டியது.

காரணம் இத்தனை வகையாக இருக்கையில், கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவது எவ்வாறு பொருந்தும்? விடியற்காலையில் வெறும் வயிற்றோடு மரம் வெட்டச் செல்வோர், வலி மாத்திரைகளை ஓயாமல் உட்கொண்டால் இரைப்பையில் புண் உண்டாகலாம். கோடீன் கலந்த மாத்திரையோ, மேற்கூறிய தசை வளையத்தை மேலும் இறுக்கி வலியை மிகுவிக்கக்கூடும்.

அரசாங்க மருத்துவ நிலையத்திற்குச் செல்லுங்கள். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவமனை தந்த கடிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். வலி எங்கே தோன்றுகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, உணவுக்குப் பின் வருகிறதா, சுமை தூக்கும்போது வருகிறதா, இது பழைய வலியா, புதிய வலியா என்பவற்றைத் தெளிவாகக் கூறுங்கள். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பல காரணங்களை வெளிப்படுத்தும். ஒரு பரிசோதனையில் ஒன்றும் தென்படவில்லையெனில், “வலி இன்னும் இருக்கிறது” என்று மீண்டும் சொல்லத் தயங்காதீர்கள். காரணம் புலப்படாத நெடுநாள் வலியையும் தணிக்க வழிகள் உண்டு.

கண் மஞ்சளாதல், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், சிறுநீர் கருத்தல், மலம் வெளுத்தல், ஓயாத வாந்தி ஆகிய அறிகுறிகளில் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருத்தல் உயிருக்கே கேடாகும். நெஞ்சை அழுத்தும் வலியும் வியர்வையும் தோன்றினாலும் அவ்வாறே விரைந்திடுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. வலியைக் கண்ணால் காண இயலாது. வலியுற்றவர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டும். மனைவி வலிக்கிறதென்றால் கணவரும், தாய் வலிக்கிறதென்றால் பிள்ளைகளும் அதை நம்பி, மருத்துவரிடம் உடன் செல்லட்டும். ஒரு நாள் கூலி போனால் மறுமாதம் ஈட்டிக்கொள்ளலாம். காலங்கடந்து கண்ட நோயை அவ்வாறு மீட்க இயலாது.