நிறம் அன்று, பெயரே அடையாளம்



ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டையின் நிறத்தைப் பார்த்து எவரிடமும் சரக்கை ஒப்படைப்பதில்லை. ரசீதையும் மூட்டையிலுள்ள சீட்டையும் ஒப்பிட்ட பின்னரே கொடுக்கிறோம். நம் இல்லங்களிலோ "காலையில் வெள்ளை, இரவில் மஞ்சள்" என்று நிறம் சொல்லியே மருந்து வழங்கப்படுகிறது.

நிறம் மருந்தின் குணம் அன்று. நீரிழிவுக்குரிய மெட்பார்மின், இரத்தக் கொதிப்புக்குரிய அம்லோடிபின் இரண்டுமே பெரும்பாலும் வெள்ளை மாத்திரைகள்தாம். கிளிமிபிரைடு என்னும் நீரிழிவு மருந்தோ 1 மில்லிகிராமுக்கு ஒரு நிறமும் 2 மில்லிகிராமுக்கு வேறொரு நிறமுமாக வருவதுண்டு. கம்பெனி மாறினால் அதுவும் மாறிவிடும்.

அமெரிக்காவில் மாத்திரையின்மீதே குறியீடு பொறிக்க விதியுண்டு. உதிரி மாத்திரையையும் அதனால் அறியலாம். நம் நாட்டில் அக்கட்டாயம் இல்லை. பெயர், அளவு, காலாவதி நாள் யாவும் அட்டையில்தான் உள்ளன.

ஊரிலிருந்து வந்து நம்முடன் வாழும் முதியோரை எண்ணிப் பாருங்கள். கடைக்காரரின் பேச்சும் புரியாது; அட்டையின் எழுத்தும் தெரியாது. அவர்களுக்கு நிறமே துணை. புதிய கம்பெனியின் மாத்திரை வந்தால், "இது நம் மருந்தன்று" என்று விட்டுவிடுவர். அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்து உட்கொள்வர். கிளிமிபிரைடு இரட்டிப்பானால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்து, மயக்கமும் உயிராபத்தும் நேரலாம்.

ஆதலின் சில வழக்கங்களைக் கைக்கொள்வோம். புதிய அட்டை வாங்கியதும் மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் பழைய அட்டையோடு ஒப்பிடுவோம். பெயரும் நாளும் அச்சிட்ட பகுதியைக் கடைசிவரை கிழிக்காது வைப்போம். பெயர் தெரியாத உதிரி மாத்திரையை ஊகித்து உட்கொள்ளாதிருப்போம். பெரிதும் விற்பனையாகும் 300 மருந்துகளுக்குக் கியூ.ஆர். குறியீடு வேண்டுமென்னும் விதி 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கைபேசியில் அதனைப் படித்துப் பெயரைச் சரிபார்க்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மருந்தின் பெயர், எந்த நோய்க்கு, எந்த வேளைக்கு என்பவற்றைத் தமிழில் எழுதி, அச்செழுத்து மறையாதவாறு அட்டையில் ஒட்டுவோம். பெரியவர்கள் சரிபார்க்க, அச்சீட்டைத் தமிழ் பயிலும் நம் சிறார்களே எழுதட்டும். இந்தியும் ஆங்கிலமும் பள்ளியில் கற்கும் அவர்கள், தமிழ் எதற்கு என்று நம்மைக் கேட்பதுண்டு. பாட்டியின் உயிரைக் காப்பதற்கு என்று விடை கூறுவோம்.